மதுரை லைகோ பயிற்சிப் பட்டறை: ஐந்து பேரை அனுப்புவதற்கு முன்

பார்வையிழப்புத் தடுப்புக்கான சர்வதேசப் பயிற்சி என்றதும் மருத்துவமனைகளும் நன்கொடை அமைப்புகளும் கேட்பது மூன்று கேள்விகள்: கட்டணம் எவ்வளவு, எத்தனை நாள், சான்றிதழ் உண்டா. பயிற்சி முடிந்து ஓராண்டு கழித்து அந்த மருத்துவமனையில் மாதம் எத்தனை கண்புரை ஆபரேஷன் நடக்கிறது, ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் எத்தனை பேருக்கு நல்ல பார்வை கிடைத்தது என்று கேட்பவர்கள் குறைவு. மதுரை லைகோவின் பட்டறைகளை இங்கே எடைபோடுவது இந்தக் கேள்விகளை வைத்துத்தான்.

லைகோ என்பது லயன்ஸ் அரவிந்த் சமுதாயக் கண் மருத்துவ நிலையம். டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வுபெற்ற பின் 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, தன் வேலைமுறையைப் பிற மருத்துவமனைகளுக்குக் கற்றுத்தர 1992இல் ஏற்படுத்திய பிரிவு இது. லயன்ஸ் சங்கங்களின் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டமான சைட்ஃபர்ஸ்டும் அமெரிக்காவின் சேவா அறக்கட்டளையும் தொடக்கத்தில் துணைநின்றன. சுமார் 30 நாடுகளைச் சேர்ந்த 300க்கும் மேற்பட்ட கண் மருத்துவமனைகளோடு வேலை செய்திருக்கிறார்கள். நிர்வாகம், கருவிப் பராமரிப்பு, சமுதாயப் பணி எனத் தனித்தனிப் படிப்புகளும் உண்டு. இங்கே முதன்மையாகப் பேசப்போவது மருத்துவமனைக் குழுக்களுக்கான திட்டமிடல் பட்டறையைப் பற்றி.

இந்தப் பட்டறையின் பலமே, அது தனியாக நிற்காமல் இருப்பதுதான். முதலில் லைகோ குழு அந்த மருத்துவமனைக்கே போய்ச் சில நாள் தங்கி நிலைமையைப் பார்க்கிறது. பிறகு மருத்துவமனையின் குழு மதுரைக்கு வந்து ஏறக்குறைய ஒரு வாரம் உட்கார்ந்து திட்டம் தீட்டுகிறது. சில மாதம் கழித்து மறுபடியும் ஒரு நேரடி வருகை, அதற்குப் பிறகு மாதாந்திரக் கணக்குகளைக் கேட்டு வாங்கிக் கண்காணிப்பு. உலகம் முழுவதும் நடக்கும் பெரும்பாலான பட்டறைகளில் இருப்பது நடுக்கட்டம் மட்டும். செலவைக் குறைக்க வேண்டும் என்று வந்தால் நன்கொடையாளர்கள் முதலில் கைவைப்பதும் முன்வருகையிலும் பின்வருகையிலும்தான். அப்படி வெட்டிய பட்டறைக்குப் பணம் கொடுப்பதைவிடக் கொடுக்காமலே இருக்கலாம். மொத்த பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்காவது இந்த இரண்டு வருகைகளுக்கும் கணக்குச் சேகரிப்புக்கும் ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

முன்வருகையின்போது கேட்கப்படும் கணக்குகளை ஆள் வருவதற்கு முன்பே தயார் செய்து வைத்தால் வருகை இரட்டிப்புப் பலன் தரும். கடந்த 12 மாதத்துக்கு மாதவாரியாக வெளிநோயாளர் எண்ணிக்கை, புதியவர் பழையவர் பிரித்து. மாதவாரியாகக் கண்புரை ஆபரேஷன், அதில் பணம் கட்டியவர், சலுகையில் செய்துகொண்டவர், இலவசமாகச் செய்துகொண்டவர். ஒவ்வொரு முகாமிலும் பார்த்தவர் எத்தனை, ஆபரேஷனுக்குத் தேர்வானவர் எத்தனை, உண்மையில் வந்து செய்துகொண்டவர் எத்தனை. டாக்டர்கள், சிஸ்டர்கள், ரிஃப்ராக்‌ஷன் (கண்ணாடி பவர் சோதனை) பார்ப்பவர்கள் எண்ணிக்கை. வேலை செய்யும் ஸ்லிட் லேம்ப் (கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் கருவி), ஆபரேஷன் மைக்ராஸ்கோப், லென்ஸ் பவர் கணக்கிடக் கண்ணை அளக்கும் ஏ-ஸ்கேன், கெரட்டோமீட்டர் எத்தனை, பழுதாகி மூலையில் கிடப்பவை எத்தனை. மூன்று மாதக் கணக்கைக் கொடுத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. மழைக்காலத்திலும் அறுவடையிலும் நோன்பு மாதத்திலும் நோயாளிகள் வருவது அடியோடு மாறும். ஜூலைக் கணக்கை டிசம்பர்க் கணக்கோடு ஒப்பிட்டுவிட்டு, பயிற்சியால் 40 சதவீதம் கூடியது என்று அறிக்கை எழுதினால் அது யாருக்கும் பயன்படாது.

யாரை அனுப்புவது என்பதில்தான் பாதி வெற்றி முடிவாகிவிடுகிறது. ஒரு மருத்துவமனையிலிருந்து நான்கைந்து பேர் வர வேண்டும்: காசோலையில் கையெழுத்திடும் அதிகாரமுள்ள ஒருவர், ஆபரேஷன் செய்யும் டாக்டர், நிர்வாகி, ஆபரேஷன் தியேட்டரை நடத்தும் மூத்த சிஸ்டர், முகாம்களைக் கவனிப்பவர். டாக்டர் மட்டும் வந்து திரும்பினால், இரண்டாவது ஆபரேஷன் மேசை வாங்க வேண்டும் என்பதை ஊரில் போய்ப் புதிதாக வாதாடி ஜெயிக்க வேண்டியிருக்கும். தலைவர் மட்டும் வந்து திரும்பினால் தியேட்டரில் இருப்பவர்கள் அதை மேலிருந்து வந்த உத்தரவாகப் பார்ப்பார்கள். மூத்த சிஸ்டரை விட்டுவிட்டு, அந்த இடத்தில் அறங்காவலரின் உறவினரைச் சேர்ப்பது அடிக்கடி நடக்கிறது. மதுரைத் தியேட்டரில் நடப்பதில் முக்கால்வாசி சிஸ்டர்களின் வேலை. அதைப் பார்க்க வேண்டியவர் ஊரிலேயே இருந்துவிட்டால் பயணச் செலவில் பெரும்பகுதி வீண்.

பயண ஏற்பாட்டில் சிக்குவது பெரும்பாலும் சின்ன விஷயங்களில்தான். மஞ்சள் காய்ச்சல் உள்ள ஆப்பிரிக்க, தென் அமெரிக்க நாடுகளிலிருந்து இந்தியா வருபவர்களிடம் தடுப்பூசிச் சான்றிதழ் இருக்க வேண்டும். ஊசி போட்டு 10 நாள் ஆன பிறகே அது செல்லுபடியாகும். இல்லாவிட்டால் விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்தி ஆறு நாள் வரை வைக்கலாம். ஒரு வாரப் பட்டறைக்கு வந்தவருக்கு அத்தோடு கதை முடிந்தது. விசா வகையை அழைப்புக் கடிதத்தின் வாசகத்தோடு பொருத்தி எடுங்கள். வெளிநாட்டு டாக்டர் நோயாளி மீது கைவைத்துப் பயிற்சி பெறுவதாக இருந்தால் தேசிய மருத்துவ ஆணையத்தின் தற்காலிகப் பதிவு தேவை, வெறும் பார்வையாளராக நிற்பது வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு வருபவர்கள் ஏமாற்றத்தோடு திரும்புகிறார்கள். கடிதம், விசா, ஊசி, டிக்கெட் எல்லாம் சேர்த்து மூன்று மாத அவகாசம் வையுங்கள். பிரெஞ்சு அல்லது போர்ச்சுகீஸ் பேசும் குழு என்றால் மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பிறகு பேசும்போது அமர்வின் நேரம் இரட்டிப்பாகும். அதனால் பாடத்தில் பாதியை வெட்டிவிட்டு, ஸ்லைடுகளை இரண்டு வாரம் முன்பே மொழிபெயர்த்து அனுப்பச் சொல்ல வேண்டும்.

வகுப்பறைப் பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நான்கைந்து மருத்துவமனைகள், மொத்தம் 20லிருந்து 25 பேர், ஒவ்வொரு குழுவுக்கும் தனி மேசை, இரண்டு குழுவுக்கு ஒரு வழிகாட்டி என்ற அளவு சரியாக இருக்கும். 40 பேரைத் தாண்டினால் அது கருத்தரங்கு ஆகிவிடும், திட்டம் எதுவும் எழுதப்படாது. காலையில் ஓ.பி.யிலும் தியேட்டரிலும் நின்று பார்த்துவிட்டு, மதியம் தங்கள் கணக்கை வைத்துத் தாங்களே கூட்டிக் கழிப்பது என்ற வரிசைதான் இந்த வாரத்தின் உயிர்.

அந்தக் கூட்டல் கழித்தல் எப்படிப் போகிறது என்பதற்கு ஒரு மாதிரி. பத்து லட்சம் மக்களுக்கு ஆண்டுக்கு 3,000 கண்புரை ஆபரேஷன் இலக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 லட்சம் பேர் வாழும் பகுதிக்கு 6,000. அதில் பாதியை நம் மருத்துவமனை ஏற்றால் 3,000. ஆண்டுக்கு 250 வேலைநாள் என்றால் நாளுக்கு 12. ஒரே டாக்டர், ஒரே மேசை, ஒருவரை இறக்கி அடுத்தவரை ஏற்றிக் கண்ணைச் சுத்தம் செய்து துணி போர்த்தி முடிக்க ஆகும் நேரத்தையும் சேர்த்து ஒரு ஆபரேஷனுக்கு 45 நிமிடம் என்றால், நான்கு மணி நேரத்தில் ஐந்துதான் முடியும். உடனே எல்லோரும் இன்னொரு டாக்டர் வேண்டும் என்று எழுதுவார்கள். மதுரைத் தியேட்டரில் டாக்டருக்கு இரண்டு மேசை. ஒன்றில் ஆபரேஷன் நடக்கும்போதே அடுத்த மேசையில் அடுத்த நோயாளி தயாராகிவிடுகிறார், மைக்ராஸ்கோப்பைத் திருப்பினால் போதும். தையலில்லாச் சிறுதுளை ஆபரேஷன் கைவந்த டாக்டர் ஒருவர் மணிக்கு ஆறிலிருந்து எட்டு வரை செய்வது அங்கே வழக்கம். நமக்கு மணிக்கு மூன்று போதும்.

ஆனால் இரண்டாவது மேசையை வாங்கிப் போட்டுவிட்டு, எண்ணிக்கை கூடவில்லையே என்று தவிக்கும் மருத்துவமனைகள் ஏராளம். காரணம் கருவி செட். ஒரு செட் பயன்பாட்டில் 20 நிமிடம், கழுவித் துடைக்க 15 நிமிடம், ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் கருவி) ஏறி இறங்கி ஆறக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். ஆக ஒரு செட் மறுபடி மேசைக்கு வர ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். மணிக்கு மூன்று ஆபரேஷன் என்றால் குறைந்தது ஐந்து செட், கீழே விழுந்தால் மாற்ற ஒன்று, மொத்தம் ஆறு. இரண்டே செட்டோடு ஓட்ட நினைத்தால் டாக்டர் காத்திருப்பார், அல்லது அதைவிட ஆபத்தாக, அவசரத்தில் ஆட்டோகிளேவ் நேரத்தைக் குறைப்பார்கள். கண்ணுக்குள் கிருமித்தொற்று ஏற்பட்டு ஒருவருக்குப் பார்வை போனால், அந்த வட்டாரத்தில் அடுத்த ஆறு மாதம் யாரும் ஆபரேஷனுக்கு வர மாட்டார்கள். செட் கணக்கை மேசைக் கணக்கோடு சேர்த்துப் போடாத செயல்திட்டத்தை வழிகாட்டிகள் ஏற்கக் கூடாது.

இனி இந்த முறை எங்கே தடுக்கிறது என்பது. அரவிந்தின் வேகத்துக்கு அடிப்படை, பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு ஆண்டு பயிற்சி கொடுத்து உருவாக்கும் சிஸ்டர்கள். ரிஃப்ராக்‌ஷன், கண் அழுத்தம் பார்ப்பது, லென்ஸ் பவர் கணக்கிடுவது, தியேட்டர் வேலை எல்லாம் அவர்கள் கையில். வேறொரு நாட்டில் பதிவுபெற்ற செவிலியர் தவிர வேறு யாரும் தியேட்டரில் நிற்கக் கூடாது என்று சட்டம் இருந்தால் இந்த ஏற்பாட்டை அப்படியே தூக்கிப்போக முடியாது. டாக்டர் எண்ணிக்கையிலும் இதே இடைவெளி. 2015 நிலவரப்படி பத்து லட்சம் பேருக்குக் கண் மருத்துவர்கள் பணக்கார நாடுகளில் சராசரி 76.2, ஏழை நாடுகளில் 3.7. இரண்டே டாக்டர்கள் உள்ள மருத்துவமனையில் ஒருவர் மேற்படிப்புக்குப் போனால் பட்டறையில் எழுதிய திட்டம் பாதியாகச் சுருங்கும். அதற்கு மாற்று ஏற்பாடு திட்டத்திலேயே இருக்க வேண்டும்.

மக்கள் நெருக்கமும் அப்படியே. தமிழ்நாட்டில் ஒரு ஊரில் முகாம் போட்டால் சுற்றியுள்ள கிராமங்கள் நடந்தும் பஸ்ஸிலும் வந்துசேரும். தேர்வானவர்களை அன்று மாலையே பஸ்ஸில் ஏற்றி, சாப்பாடு போட்டு, ஆபரேஷன் முடித்துத் திரும்பக் கொண்டுபோய் விடுவதுதான் இந்த முறையின் ரகசியம். சீட்டு எழுதிக் கொடுத்து அடுத்த வாரம் வாருங்கள் என்றால் பலர் வரவே மாட்டார்கள். கூட வர ஆளில்லை, பஸ் காசில்லை, பயம். கிராமங்களுக்கிடையே 40 கிலோமீட்டர் மண்சாலை உள்ள நாட்டில் அதே முகாமுக்கு டீசல் செலவு மட்டும் பல மடங்கு. அங்கே முகாமைவிட நிரந்தரமான சிறு பார்வை மையங்கள் நல்ல வழியாக இருக்கலாம். பட்டறையில் மதுரை எண்களை எழுதிக்கொள்வதோடு நிற்காமல், அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் காரணம் நம் ஊரில் உண்டா என்று குழு தன்னைத்தானே கேட்டுக்கொள்ள ஒரு முழு மதியம் ஒதுக்கப்பட வேண்டும். நிகழ்ச்சி நிரலில் அது இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

பட்டறையைக் கடைசி நாள் கருத்துப் படிவத்தை வைத்து எடைபோடுவது அநேகமாகப் பயனற்றது. நன்றாகக் கவனித்துக்கொண்ட விருந்தினர்கள் ஐந்துக்கு நான்கு, ஐந்து என்று போட்டுவிட்டு விமானத்துக்குக் கிளம்புவார்கள். டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இல் பயிற்சி மதிப்பீட்டுக்குச் சொன்ன நான்கு படிகளில் இது முதல் படி: பிடித்ததா. அடுத்தது கற்றார்களா, பிறகு வேலையில் மாற்றினார்களா, கடைசியில் விளைவு மாறியதா. இரண்டாவதைச் சோதிக்க முதல் நாளும் கடைசி நாளும் ஒரே கேள்வித்தாள் கொடுங்கள். மேலே போட்டது போன்ற கணக்கு ஒன்று அதில் கட்டாயம் இருக்கட்டும், ஏனென்றால் சரி, தவறு என்று டிக் அடிக்கும் கேள்விகளை ஊகித்தே தாண்டிவிடலாம். மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் 3, 6, 12 மாதங்களில் மருத்துவமனைக் கணக்கைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அந்தக் கணக்கு நன்றாக வர வேண்டுமானால் செயல்திட்டம் நன்றாக எழுதப்பட்டிருக்க வேண்டும். "முகாம்களை அதிகரிப்போம்" என்ற வரியை ஓராண்டு கழித்து யாரும் சரிபார்க்க முடியாது. "மார்ச் முதல் மாதம் நான்கு முகாம், 60 கிலோமீட்டருக்குள், பொறுப்பு முகாம் மேலாளர், டீசலும் சாப்பாடும் எந்தத் தலைப்பில், முகாமுக்குக் குறைந்தது 20 ஆபரேஷன், அதற்கும் குறைந்தால் அந்த ஊர் மாற்றப்படும்" என்று எழுதினால் ஒரு தொலைபேசி அழைப்பிலேயே நிலைமை தெரிந்துவிடும். ஒரு குழுவுக்கு ஐந்து வரி போதும். 25 வரித் திட்டங்கள் கோப்பிலேயே தங்கிவிடும்.

எண்ணிக்கையை மட்டும் பார்ப்பது ஆபத்து. வேகம் கூடும்போது தரம் சரிந்திருக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் பழைய அளவுகோல்படி, கையில் இருக்கும் கண்ணாடியோடு 80 சதவீதம் பேருக்காவது 6/18 (நல்ல கண் 18 மீட்டரில் காண்பதை 6 மீட்டரில் காண்பது) அல்லது அதைவிட நல்ல பார்வை, 6/60க்குக் கீழே 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. இப்போது சர்வதேசக் கணக்கு 6/12க்கு உயர்ந்திருக்கிறது. தரமான கண்புரைச் சிகிச்சை சென்றடையும் அளவை 2030க்குள் 30 சதவீதப் புள்ளிகள் உயர்த்த வேண்டும் என்று 2021 உலக சுகாதாரப் பேரவை ஏற்ற இலக்கும் வெறும் ஆபரேஷன் எண்ணிக்கையைக் கொண்டாடுவதில்லை, பார்வை கிடைத்தவர்களையே எண்ணுகிறது. ஆபரேஷனின்போது லென்ஸ் உறை கிழிவது 5 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்பதையும் மாதாமாதம் குறியுங்கள். கிருமித்தொற்றை ஒவ்வொன்றாக விசாரிக்க வேண்டும், ஆனால் அதை ஒப்பீட்டு அளவுகோலாக வைக்க வேண்டாம். ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில் நடப்பது, ஆண்டுக்கு 600 ஆபரேஷன் செய்யும் இடத்தில் பூஜ்யமாகவோ ஒன்றாகவோ இருக்கும், அதிலிருந்து முன்னேற்றமா சரிவா என்று எதுவும் தெரியாது.

ஆறு வாரம் கழித்துப் பரிசோதனைக்கு வராதவர்களே அதிகம் என்பது ஏழை நாடுகளில் எல்லோரும் சொல்லும் சிரமம். வந்தவர்களை மட்டும் வைத்துச் சதவீதம் போட்டால் படம் திரிந்துவிடும். மறுநாள் காலை கட்டு அவிழ்க்கும்போது பார்வையைத் தவறாமல் பதிவு செய்வது நல்ல மாற்று. பல நாட்டு மருத்துவமனைகளில் நடந்து 2013இல் வெளிவந்த பிரிகாக் ஆய்வு, ஆரம்ப நாள் பார்வையை வைத்தே மருத்துவமனைகளின் தரத்தை ஒப்பிட முடியும் என்று காட்டியது. மாதிரி எண்ணிக்கையிலும் கவனம் வேண்டும். 50 பேரில் 80 சதவீதம் நல்ல பார்வை என்றால் உண்மை 69க்கும் 91க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். 200 பேரைப் பார்த்தால் இடைவெளி பாதியாகச் சுருங்கும். 80 சதவீதம் 84 ஆனது என்று மகிழ்ந்து எழுதும் அறிக்கைகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளிக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன.

இதே வேலைக்கு வேறு இடங்களும் உண்டு. நாடு தழுவிய திட்டம் வகுக்கும் சுகாதாரத் துறை அதிகாரிக்கு லண்டனில் உள்ள சர்வதேசக் கண் நல மையத்தின் படிப்புகள் பொருந்தும், அவர்களுடைய இணையவழிப் பாடங்களையும் பார்க்கலாம். கிராமப்புற மையங்களின் படிநிலை அமைப்பைப் பார்க்க ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிலையம். மலைநாட்டு மருத்துவமனைகளுக்குக் காத்மாண்டு தில்கங்கா கண் மருத்துவ நிலையம் நெருக்கமான உதாரணம். ஆண்டுக்கு 500க்கும் 3,000க்கும் இடையில் ஆபரேஷன் செய்துகொண்டு, கட்டடமும் டாக்டரும் இருந்தும் முன்னே நகர முடியாமல் நிற்கும் மருத்துவமனைக்கு லைகோதான் எங்கள் முதல் பரிந்துரை. இன்னும் டாக்டரே கிடைக்காத இடத்துக்கு இந்தப் பட்டறை இப்போதைக்கு வேண்டாம்.

குழுவை அனுப்பப் பணமில்லாதவர்கள் லைகோவின் கருவிப் பராமரிப்புப் படிப்புக்கு ஒரே ஒரு டெக்னீஷியனை அனுப்புவதைத் தீவிரமாக யோசியுங்கள். நன்கொடையாக வந்த மைக்ராஸ்கோப்புகள் மாதக்கணக்கில் முடங்கிக் கிடப்பதற்குக் காரணம் பெரும்பாலும் பல்ப், ஃப்யூஸ், லென்ஸில் படர்ந்த பூஞ்சை, ஏற்ற இறக்கமான மின்சாரம். போகிறவர் தன் மருத்துவமனையில் உள்ள ஒவ்வொரு கருவியின் மாடல் எண், பல்பின் வோல்ட், வாட், அடிப்பகுதியின் படம் ஆகியவற்றைப் பட்டியலாக எடுத்துச்செல்ல வேண்டும். திரும்பும்போது கருவிக்கு இரண்டு உதிரி பல்பு, ஃப்யூஸ்கள், சிறு மல்டிமீட்டர், லென்ஸ் துடைக்கும் தாள் வாங்கிவரத் தனியாகப் பணம் கொடுத்து அனுப்புங்கள். ஊர் திரும்பியதும் அவருக்குப் பூட்டக்கூடிய ஒரு அலமாரியும், வாரம் அரை நாள் வேறு வேலை எதுவும் தரப்படாத நேரமும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். அதில்லாவிட்டால் அவரை ஜெனரேட்டர் பார்க்கவும் ஆம்புலன்ஸ் ஓட்டவும் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள்.